கிட்டாரின் நுனி மட்டும் தெரிந்தது

என் மகள் என்னிடம் ஒரே ஒரு காரியம்தான் கேட்டிருந்தாள். "கச்சேரிய முழுசாப் பாருங்கப்பா. பாத்துட்டு வான்னு சொன்னா வந்துர்றேன். இருன்னு சொன்னா இருக்கேன். அதுக்கப்புறம் இதப் பத்தி நம்ம வீட்ல பேச்சே வேணாம்."

மதுரையில் எம்.காம். படித்துக்கொண்டிருந்தவள் அதைப் பாதியில் விட்டுவிட்டுக் கொச்சிக்குப் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. அங்கே வயதான ஒரு ராக் பாடகரின் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறாள். நாலே நாலு தடித்த கம்பிகள். பாட்டுக்கு அடியில் தும் தும் என்று ஓடிக்கொண்டிருக்கும் சத்தம் அது. தீபாவளிக்கு வந்தபோது வாசித்துக் காட்டினாள். "இவ்வளவுதானா?" என்று கேட்டேன். "இவ்வளவுதாம்ப்பா" என்றாள். கிட்டாரை உறையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடிவிட்டாள்.

ஒரு வருஷ அவகாசம் கொடுத்தது நான்தான். கொடுத்த நாளிலிருந்து என் நிம்மதி போயிற்று. கச்சேரி முடிந்து வேனில் திரும்புகிறார்களே, யார் ஓட்டுகிறான், அவன் சரியாகத் தூங்கியிருப்பானா என்று போடியில் இருந்துகொண்டு கவலைப்படுவேன். இடுக்கிப் பக்கம் மழை என்று செய்தி வந்தால் போன் போடுவேன். எடுக்காவிட்டால் அவளுடைய அறைத்தோழிக்குப் போடுவேன். "அங்கிள், அவ குளிக்கிறா" என்று அந்தப் பெண் சலித்துக்கொண்ட நாட்கள் உண்டு. வருஷம் முடியட்டும், வா என்று சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். அதை மறைத்து எழுதி ஒன்றும் ஆகப்போவதில்லை.

அந்தப் பாடகருக்கு எழுபது வயதை ஒட்டி இருக்கும். வெள்ளைத் தாடி, கறுப்புப் பனியன், ஒரு காதில் வளையம். இங்கிலீஷிலும் மலையாளத்திலும் பாடுவார். தமிழிலும் சில பாட்டுகள் உண்டு என்றார்கள். அவருக்காக ஒரு மலையாளச் சேனல் பெரிய கச்சேரி ஏற்பாடு செய்து, ஞாயிறு மதியம் மூன்று மணி முதல் நேரலையாகக் காட்டுவதாக இருந்தது. சினிமாவில் பெயர் பெற்ற ஒரு பாடகி, ஒரு புல்லாங்குழல் வித்வான், மும்பையிலிருந்து வரும் பிரபலமான டிரம்ஸ்காரர் ஒருவர் என்று விருந்தாளிகள். இத்தனை பேருக்கும் பின்னால் நின்று என் மகள் வாசிப்பாள்.

போடியில் எங்கள் கேபிளில் அந்தச் சேனல் வராது. செல்போனில் பார்க்கலாம் என்று மகள் சொன்னாள். என் மனைவி அப்படித்தான் பார்ப்பதாக முடிவு செய்தாள். கையகலத் திரையில் மகளைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், நான் ஏலக்காய் வாங்கும் எஸ்டேட் ஒன்றின் ஸ்டோரில் கேரள டிஷ் இருக்கிறது. ஏலக்காயைக் காயவைக்கும் கட்டடத்தைத்தான் ஸ்டோர் என்போம். அங்கே காவலும் கணக்கும் பார்ப்பவர் பெரிய டிவி வைத்திருக்கிறார். போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினேன். மனைவியின் அண்ணனும் ஜீப்பில் ஏறிக்கொண்டார். அவரும் என்னைப் போல ஏலத்தில் காய் எடுத்து வடக்கே அனுப்புகிற வியாபாரிதான்.

"பன்னெண்டு மணிக்கே எதுக்கு மாப்ளே கெளம்புறீரு? கச்சேரில நீரா பாடப் போறீரு?"

"ரோட்டுல என்ன இருக்கோ, யாருக்குத் தெரியும் மச்சான்."

முந்தல் சோதனைச் சாவடி தாண்டி ஏழாவது வளைவில் நான் பயந்தது இருந்தது. முந்தின நாள் மழையில் பாறை ஒன்று சரிந்து பாதி ரோட்டை அடைத்திருந்தது. மீதிப் பாதியில் கேரளாவிலிருந்து இறங்கிய மரலாரி ஒன்று வசமாக மாட்டிக்கொண்டிருந்தது. முன்னால் பதினைந்து வண்டி. பொக்லைன் போடியிலிருந்து வருகிறதாம். வந்துகொண்டே இருந்தது. ஒன்றே முக்காலுக்கு வந்தது. வந்தவுடன் டிரைவர் இறங்கி டீ குடித்தார்.

நான் ரோட்டில் அங்கும் இங்கும் நடந்தேன். வண்டியைத் தள்ள முடியாது, பாறையைத் தூக்க முடியாது. கெடியாரத்தைப் பார்ப்பதைத் தவிர வேறு சோலி இல்லை. மச்சான் சாவகாசமாக ஜீப்பில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"மாப்ளே, ஒண்ணு கேக்கறேன். பிள்ளைய வான்னு சொல்லப் போறீரா, இருன்னு சொல்லப் போறீரா?"

"பாத்துட்டுச் சொல்றேன்."

"நீரு பாத்தா? நல்ல லாட்டக் கண்டாத்தான் உம்ம மூஞ்சி விளக்கெண்ணெய் குடிச்ச மாதிரி ஆகுமே. பச்சப் பிள்ளை பயந்துரும்யா."

அவர் சொன்னது எங்கள் தொழில் பழக்கம். ஏலத்துக்கு முன்னால், விற்பனைக்கு வரும் ஒவ்வொரு லாட்டுச் சரக்குக்கும் ஒரு கைப்பிடி காய் போட்ட சின்னப் பை சாம்பிளாக வரும். பிரித்துக் கொட்டிப் பார்ப்போம். வேண்டாத காய் என்றால் ஒன்றும் சொல்லாமல் அப்படியே தரையில் தள்ளிவிட்டு அடுத்த பையை எடுப்போம். ஏலம் முடியும்போது ஹாலில் தரையே பச்சையாக இருக்கும். ஒரு காய் மனதுக்குப் பிடித்துவிட்டால்தான் வாய் திறக்கும். நிறம் மட்டம், வெடிப்பு ஜாஸ்தி, ஈரம் இருக்கும் போல என்று பக்கத்தில் இருப்பவன் காதில் விழும்படி குறை சொல்வோம். ஆசை வெளியே தெரிந்தால் மற்றவர்கள் போட்டிக்கு வந்துவிடுவார்கள். இருபத்தைந்து வருஷமாக இதைச் செய்கிறேன். நான் அதிகமாகக் குறை சொன்ன காயைத்தான் விடாமல் எடுத்திருக்கிறேன். மச்சானுக்கு இது தெரியும். ஹாலில் இருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும்.

பாறை நகர்ந்து வழி கிடைத்து, ஸ்டோருக்குள் நுழைந்தபோது மணி மூன்று முப்பத்தைந்து. ஸ்டோர்க்காரர் வாசலிலேயே நின்றிருந்தார். "சாரே, ஒண்ணும் போயில்லா. இதுவரை பிரசங்கம்தான்" என்றார். கிறிஸ்துமஸுக்கு வாங்கிய ஆளுயர ஸ்பீக்கர் பெட்டியை எங்களுக்காக டிவியோடு சேர்த்து வைத்திருந்தார். அவருடைய மனைவி பால் ஊற்றாத கட்டன் சாயா கொண்டுவந்தார். ஏலக்காய் உலரும் வாசனையோடு சூடு சுவர் வழியாக வந்துகொண்டிருந்தது.

பிரசங்கம் நாலு மணி வரை போனது. பிறகு நகைக்கடை விளம்பரம். பிறகு பாடகி வந்தார். கேமரா அவர் முகத்தை விட்டு நகரவில்லை. அவருடைய கம்மலை என்னால் இப்போதும் வரைந்து காட்ட முடியும். என் மகள் எங்கே என்று திரை முழுக்கத் தேடினேன். பாடகியின் இடது தோளுக்குப் பின்னால் பழுப்பு நிறத்தில் ஒரு குச்சி மேலும் கீழும் அசைந்தது.

"அதுதான்யா கிட்டாரு நுனி" என்றார் மச்சான். "பிள்ளை அதுக்குக் கீழ இருக்கும்."

புல்லாங்குழல்காரர் வந்தபோது குச்சியும் போயிற்று. ஒரே ஒரு தடவை மேடை முழுவதையும் காட்டினார்கள். கறுப்புச் சட்டையில் தலையைக் குனிந்துகொண்டு நின்றிருந்தாள். "இந்தா, இந்தா" என்று நான் எழுந்தேன். அதற்குள் டிரம்ஸ்காரரின் கைகளுக்குப் போய்விட்டார்கள். போதாததற்கு மூடுபனி இறங்கி டிஷ் மறைந்தது. படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றது. ஸ்டோர்க்காரர் வெளியே ஓடி ஒரு துணியால் டிஷ்ஷைத் துடைத்தார். "கிட்டியோ சாரே?" என்று கத்துவார். "இல்ல" என்று நாங்கள் கத்துவோம். ஒரு வருஷக் காத்திருப்புக்கு எனக்குக் கிடைத்தது ஒரு பாடகியின் கம்மலும் ஒரு குச்சியும்தானா என்று எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை. பாறை மேல், லாரி மேல், அந்தக் கேமராக்காரன் மேல்.

படம் ஒருவழியாகத் தெளிந்த பிறகு, ஐந்தே காலுக்கு, கடைசிப் பாட்டுக்கு முந்தினது என்று நினைக்கிறேன், வெள்ளைத் தாடிப் பெரியவர் மட்டும் மைக் முன்னால் வந்தார். மெதுவான பாட்டு. விருந்தாளிகள் மூவரும் பின்னால் சேர்ந்துகொண்டார்கள். இரண்டாவது வரியைத் தொடங்கி, பாதியில் அவர் நின்றார். வாய் திறந்திருந்தது. சொல் வரவில்லை. கண் இங்கும் அங்கும் ஓடியது. மேடைக்கு வந்து எதற்கு வந்தோம் என்று மறந்தவரைப் போல நின்றார். என் அப்பாவின் முகத்தைக் கடைசிக் காலத்தில் அப்படிப் பார்த்திருக்கிறேன்.

புல்லாங்குழல் முதலில் நின்றது. பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ, டிரம்ஸ்காரரும் கையை இறக்கிவிட்டார். பாடகி சிரித்த முகத்தோடு பக்கத்தில் பார்த்தார். எல்லாம் அடங்கிவிட்டது.

ஒன்று மட்டும் அடங்கவில்லை. ஸ்டோரின் கூரைத் தகரம் அதிர்ந்துகொண்டிருந்தது. தும், தும், தும்-தும். நாலு அடி. மறுபடியும் அதே நாலு அடி. வேகம் கூடவில்லை, குறையவில்லை. வழி தவறிய ஒருவர் திரும்பி வருவதற்காக வாசலில் விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி அந்தச் சத்தம் நின்றது. திரையில் பெரியவர் முகம்தான் இருந்தது. அவர் மெல்லத் தலையைத் திருப்பினார். யாரைப் பார்க்கிறார் என்று கேமரா காட்டவில்லை. எனக்குத் தெரியும். இரண்டு மூன்று சுற்று தலையை ஆட்டிக் கேட்டார். பிறகு அந்த நாலு அடியின் மேல் காலை வைத்து ஏறுகிற மாதிரி, விட்ட இடத்திலிருந்து பாடினார். டிரம்ஸ் சேர்ந்தது. குழல் சேர்ந்தது. கூட்டம் எழுந்து நின்று கத்தியது. கேமரா டிரம்ஸ்காரரைக் காட்டியது.

மொத்தம் ஒரு நிமிஷம்கூட இருக்காது. மச்சான் கையில் டம்ளர் அப்படியே இருந்தது.

கச்சேரி முடிந்து அரை மணி கழித்து, டவர் கிடைக்கிற மேட்டில் நின்று மகளுக்குப் போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள். பின்னால் ஒரே சத்தம்.

"பாத்தீங்களாப்பா?"

"பாத்தேன். ஏன் குனிஞ்சே நிக்கிற? ஒரு தடவை நிமிந்து பாத்தா என்ன? அந்தச் சட்டை தோள்ல தொளதொளன்னு இருக்கு. ஓரமா வேற போயி நின்னுக்கிட்ட. முடிய ஒதுக்கிக் கட்டக் கூடாதா? மத்தவுக எல்லாம் சிரிச்ச முகமா இருக்காக, நீ மட்டும் உம்முன்னு."

நான் பேசிக்கொண்டே போனேன். நெஞ்சுக்குள் தகரம் அதிர்ந்துகொண்டிருந்தது, வாய் தன்பாட்டுக்குச் சட்டையைப் பற்றிப் பேசியது. மச்சான் என் முழங்கையைப் பிடித்து இழுத்தார். நான் உதறிவிட்டேன்.



"சரிப்பா" என்றாள். "வந்துர்றேன்."

"இல்ல, நான் என்ன சொல்ல வர்றேன்னா..." லைன் போய்விட்டது. மறுபடி போட்டேன். போகவில்லை. மூடுபனியில் மேட்டிலும் டவர் போய்விட்டது.

இறங்குகிற வழி முழுக்க மச்சான் ஒரு வார்த்தைதான் பேசினார். "அது லாட்டு இல்ல மாப்ளே. அதுக்கு நம்ம ஹாலு பழக்கம் தெரியாது."

வீட்டில் மனைவி வாசலிலேயே நின்றாள். மகள் அவளுக்குப் போன் செய்திருந்தாள்.

"என்ன சொன்னீங்க அவகிட்ட? அப்பா வரச் சொல்லிட்டாருன்னு அழுவுறா."

"நான் வான்னு சொல்லவே இல்ல."

"பின்ன என்னதான் சொன்னீங்க?"

சொன்னேன். அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "வீட்டுக்குள்ளயும் சாம்பிள் பாக்க வந்துட்டீங்களா?"

"அந்தப் பெரியவரு நின்னாரே, அப்ப இவ நிறுத்தாம வாசிச்சதக் கேட்டியா?"

"யாரு வாசிச்சா? எல்லாந்தான் நின்னு போச்சே. ஒரு சத்தமும் இல்ல. எனக்கு நெஞ்சே அடைச்சிருச்சு."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தக் கீழ்ஸ்தாயிச் சத்தம் செல்போனின் சின்ன ஸ்பீக்கரில் கேட்காது. பாதி டிவிகளிலும் கேட்டிருக்காது. அந்த மலைமேட்டில் கிறிஸ்துமஸ் ஸ்பீக்கர் இருந்ததால் நாங்கள் கேட்டோம். கேட்ட நான்தான் அதைத் தவிர எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறேன்.

இரவெல்லாம் அவள் போன் அணைந்திருந்தது. திங்கட்கிழமையும் அப்படியே. செவ்வாய்க்கிழமை மதியம் மூணாறு பஸ்சில் வந்து இறங்கினாள். தோளில் கிட்டார் இல்லை. தோழியிடம் கொடுத்துவிட்டு வந்தாளாம். சாப்பிட்டாள். என் ஏலக்காய்க் கடைக்கு வந்து, காயைத் தரம் பிரித்துப் பொறுக்கும் பெண்களோடு உட்கார்ந்து தட்டை மடியில் வைத்துக்கொண்டாள். வருஷம் பூராவும் நான் ஆசைப்பட்ட காட்சி அது. என்னால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

சொல்ல வேண்டும் என்று வாயைத் திறப்பேன். "ஃபேன் போடவா?" என்று கேட்பேன். "வேணாம்ப்பா" என்பாள்.

ஒரு வழி தோன்றியது. சேனல்காரர்கள் கச்சேரியை நெட்டில் போட்டிருந்தார்கள். அந்த இடத்தைக் காட்டிவிட்டால் போதும், நான் ஒன்றும் பேச வேண்டியதில்லை. புதன்கிழமை ஏலம் முடிந்து கடைக்கு வந்து, நல்ல ஹெட்போன் ஒன்றைக் கடன் வாங்கிக் காதில் மாட்டிக்கொண்டு தேடினேன். மெதுவான பாட்டு வந்தது. முதல் வரி. இரண்டாவது வரி. பெரியவர் நிற்கவே இல்லை. பாட்டு அப்படியே ஓடி முடிந்தது. திரும்பத் திரும்ப நாலு தடவை பார்த்தேன். அவர் நின்ற இடத்தை வெட்டி, முன்னையும் பின்னையும் ஒட்டிவிட்டார்கள். மானத்தைக் காப்பாற்றினார்களாம். அதோடு சேர்ந்து அந்த நாலு அடியும் போயிற்று.

ஹெட்போனைக் கழற்றி எறிந்தேன். சத்தம் கேட்டு மகள் நிமிர்ந்தாள்.

"என்னப்பா?"

"வெட்டிட்டானுக. நீ வாசிச்சத வெட்டிட்டானுக."

"எத?"

"அவரு மறந்து நின்னாருல்ல. எல்லாரும் விட்டுட்டாக. நீ விடல. தும், தும், தும்-தும். எனக்குக் கேட்டுச்சு. ஸ்டோர்த் தகரமே ஆடுச்சு ஆத்தா. உன் நாலு அடிய வச்சுத்தான் அந்த மனுசன் திரும்பி வந்தாரு. வேற ஒருத்தரும் அங்க ஒண்ணும் செய்யல."

பொறுக்கும் பெண்கள் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். மகள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது டிவில கேட்டிருக்கவே கேட்டிருக்காதுன்னு நெனச்சேன்" என்றாள். பிறகு குரல் உயர்ந்தது. "இத ஞாயித்துக்கெழமை சொல்லியிருக்க வேண்டியதுதானப்பா? சட்டையச் சொன்னீங்க. முடியச் சொன்னீங்க. நான் அவங்ககிட்ட திங்கக்கெழமையே வரலன்னு சொல்லிட்டேன். வேற ஆளப் போட்டுட்டாங்க."

"நான் பேசுறேன் அவருகிட்ட."

"என்னன்னு பேசுவீங்க? இவளுக்கு வெடிப்பு ஜாஸ்தின்னா?"

பெண்களில் ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். மகளுக்கும் உதடு துடித்தது. சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை.

நம்பரை வாங்கி அங்கேயே போட்டேன். பெரியவர், ஒரு காலத்தில் சென்னையில் இருந்தபோது பழகிய தமிழில் "சொல்லுங்க" என்றார். நான் யார் என்று சொன்னேன். நீங்கள் நின்றபோது என் மகள் நிற்காததைக் கேட்டேன் என்றேன். என் பொருளை நானே வாய்விட்டு உயர்த்திச் சொன்னது அதுதான் முதல் தடவை. நாக்கு பழக்கமில்லாமல் தடுமாறியது.

"அன்னைக்கே அவகிட்ட சொல்லணும்னு இருந்தேன்" என்றார். "கூட்டத்துல விட்டுப்போச்சு. மறுநாள் அவ வரலன்னு சொன்னப்ப, என்னைப் பாத்துத்தான் பயந்துட்டாளோன்னு நெனச்சேன். அடுத்த நாலு கச்சேரிக்கு வேற ஒருத்தர ஒத்துக்க வச்சாச்சு. அவர இறக்கிவிட முடியாது. வரச் சொல்லுங்க, பேசலாம். உறுதி ஒண்ணும் இப்ப தர முடியாது."

வெள்ளிக்கிழமை காலை அவளைப் பஸ் ஏற்றிவிட்டேன். படியில் ஏறித் திரும்பினாள்.

"அப்பா, நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லல. 'வா'வா, 'இரு'வா?"

"அங்கயே இரு ஆத்தா."

தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள். சிரிக்கவில்லை. சிரிக்கும்படி நான் என்ன செய்துவிட்டேன்?

இதை எழுதுகிற இன்று வரை அந்தக் குழுவில் வேறு ஆள்தான் வாசிக்கிறார். அவள் அங்கே இங்கே ரிக்கார்டிங்குக்குப் போகிறாள், அழைப்புக்குக் காத்திருக்கிறாள். இப்போதெல்லாம் நான் வேனைப் பற்றிக் கேட்பதில்லை. என்ன வாசித்தாய் என்று கேட்கிறேன். ஒரு சொல்லில் பதில் சொல்கிறாள்.

நெட்டில் அந்தக் கச்சேரி இன்னும் இருக்கிறது. நிறையப் பேர் பார்த்திருக்கிறார்கள். அதில் பெரியவர் எங்கேயும் நிற்பதில்லை. நின்றார். அப்போது ஒரு கிட்டார் மட்டும் நிற்கவில்லை. கேட்டவன் சரியான நேரத்தில் சொல்லாமல் போனதால் இங்கே எழுதி வைக்கிறேன்.